காதுக்காரியின் அளவு

எங்கள் வீட்டில் அளவுநாடா இருந்ததில்லை. அம்மா அதை வாசற்படி தாண்ட விடமாட்டார். சன்னலுக்குத் திரைச்சீலை வாங்க வேண்டுமென்றால் பழைய சீலையைக் கழற்றி மடித்துக் கடைக்குக் கொண்டுபோவோம். தையற்காரரிடமும் அப்படித்தான். பழைய சட்டை ஒன்றை அளவுக்குக் கொடுத்து, "இதிலும் நாலு விரல் கூட்டித் தையுங்கோ" என்பார் அம்மா. அந்த நாலு விரல் யாருடைய விரல் என்று தையற்காரரும் கேட்டதில்லை, நாங்களும் கேட்டதில்லை. அதனால் என் தங்கையின் பாடசாலைச் சீருடைகள் ஒன்றில் முழங்காலுக்கு மேலே நின்றன, இல்லாவிட்டால் கணுக்காலில் தட்டின. பாடசாலைக்கு வைத்தியர்கள் வந்து பிள்ளைகளின் உயரம், நிறை பார்க்கிற நாட்களில் அவளுக்கு எப்படியும் காய்ச்சல் வந்துவிடும். அம்மா சொல்லி வரவைக்கிற காய்ச்சல்.

இதற்குக் காரணம் அப்பா. அப்போது நாங்கள் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் இருந்தோம். அப்பா அங்கே ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்தார். நல்ல உயரம். மேல் தட்டில் இருக்கிற ஆணிப் பெட்டியை ஏணி இல்லாமல் எடுப்பார். ஒரு நாள் காலை தண்ணீர்க் குழாய் வாங்க வந்த பெண் ஒருவர் எல்லோருக்கும் கேட்க, "இந்த மனுசனுக்கு ஏணியே தேவையில்லை, கையைப் பாருங்கோ!" என்று சொல்லிச் சிரித்தாராம். மத்தியானம் அப்பா நெஞ்சிலிருந்து முதுகு வரைக்கும் ஏதோ கிழிகிறது என்று சொல்லிக்கொண்டு சீமெந்துப் பைகளின் மேல் உட்கார்ந்தார். எழும்பவில்லை. அவருக்கு முப்பத்தெட்டு வயது. எனக்குப் பதினொன்று, தங்கைக்கு மூன்று.

நாவூறு, பிறர் வாய்ச்சொல் பட்டுவிட்டது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அப்பாவின் தமக்கை, எங்கள் மாமியும் யாழ்ப்பாணத்தில், பிள்ளை பெற்று ஆறாம் நாள், இப்படித்தான் திடீரென்று போனவர். அவரும் நெட்டை. "அந்த வீட்டு நெட்டையள் தங்காதுகள்" என்று செத்தவீட்டில் யாரோ பின்னால் இருந்து சொன்னது எனக்கு இன்றைக்கும் காதில் நிற்கிறது.

அன்றைக்குச் சவப்பெட்டி கொடுக்கிற மலர்ச்சாலையிலிருந்து ஒருவர் வந்து, படுத்திருந்த அப்பாவின் தலையிலிருந்து கால் வரை மஞ்சள் நாடாவைப் பிடித்து அளந்தார். அளந்து என்ன? வந்த பெட்டி கட்டை. வேறிடத்தில் நீளமான பெட்டி தேடிக் கொண்டுவரும் வரைக்கும் அப்பா இரண்டு மேசைகளை ஒட்டிப்போட்டதில் அரை நாள் கிடந்தார். அதற்குப் பிறகுதான் வீட்டில் நாடா இல்லாமல் போனது. அம்மா ரோல்ஸும் கட்லட்டும் செய்து கடைகளுக்குக் கொடுத்து எங்களை வளர்த்தார். வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் ஒரு ஃபிளாட்டுக்குக் கூட்டிவந்தார். உப்புக்காற்று சன்னல் கம்பிகளைத் தின்றது. தங்கை வளர்ந்தாள், வளர்ந்தாள், வளர்ந்துகொண்டே போனாள். யாரும் அதைப் பற்றிக் கதைக்கக் கூடாது. பஸ்ஸில் யாராவது "என்ன உயரம் பிள்ளை!" என்றுவிட்டால், அன்று பின்னேரம் உப்பும் செத்தல் மிளகாயும் அவளுடைய தலையைச் சுற்றி அடுப்புக்குப் போகும்.

நான் அம்மாவின் பக்கத்தைக் கொண்டேன். கட்டை. கட்டையானவர்களுக்கு யாரும் நாவூறு படுத்துவதில்லை.

இனி என் தொழிலைச் சொல்ல வேண்டும். நான் படம் வரைகிறவள். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று மேசையில் விளையாடுகிற விளையாட்டுகளைச் செய்கிறது. அட்டைகள், பகடை, தடித்த புத்தகம், அதற்குள் ஒரு கற்பனை உலகம். அந்த உலகத்தில் எல்ஃப் என்று ஓர் இனம். காட்டில் வாழ்பவர்கள். மனிதர் மாதிரித்தான், ஆனால் மனிதர் இல்லை. காது மேலே கூராக நீண்டிருக்கும். என் தங்கை அவர்களுக்குக் காதுக்காரர் என்று பெயர் வைத்தாள். அம்மாவுக்கு அவர்கள் "உந்தப் பேயள்".

நிறுவனத்திலிருந்து காதுக்காரரின் உடலமைப்பைப் பற்றி ஏழு பக்கத்தில் ஒரு குறிப்பு வந்தது. கல்யாணத் தரகர்கூட இவ்வளவு எழுதமாட்டார். உயரம் மனிதரை விட ஒரு தலை அதிகம். உடல் மெலிவு, எலும்பு இலேசு. கழுத்து நீளம், முகம் நீளம், தாடை ஒடுக்கம். விரல்கள் மனித விரல்களைவிட ஒரு கணு கூடியது போலத் தோன்ற வேண்டும். மூட்டுகள் எந்தப் பக்கமும் வளையும். நடந்தால் சத்தம் கேட்காது. நித்திரை கொள்ளாமல், கண்ணைத் திறந்தபடி ஓய்வெடுப்பார்கள். தோல் மெல்லியது, நரம்பு நீலமாகத் தெரியும். வயது தெரியாது. ஆயுள் ஆயிரம் ஆண்டுகள்.

நான் வரைந்து அனுப்பிய முதல் படங்கள் எல்லாம் திரும்பி வந்தன. காதை ஒட்டவைத்த மனிதர்கள் போல இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. காதுக்காரர் யாரையாவது இவர்கள் கண்டிருக்கிறார்களா? அந்தக் கோபத்தோடு நான் இருக்கையில் தங்கை வேலையால் வந்தாள். அவள் ஒரு மொண்டிசோரியில் ஆசிரியை. அங்கே பிள்ளைகள் அவளுடைய கைகளில் ஊஞ்சல் ஆடுவார்கள். கதவு திறந்த சத்தம் கேட்டது, அவள் நடந்த சத்தம் கேட்கவில்லை. குசினிக்குள் போய், அம்மா அவளுக்கென்று ஒளித்து வைத்த பிஸ்கட் டின்னை அலுமாரியின் உச்சியிலிருந்து ஒரு கையால் எடுத்தாள். குதிக்கால்கூட உயரவில்லை. டின்னைச் சுற்றி அவளுடைய விரல்கள் போய் மறுபக்கத்தில் சந்தித்தன.

நான் குறிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவளைப் பார்த்தேன். ஒவ்வொரு வரியாக வாசித்து, பார்த்து, பென்சிலால் சரி போட்டேன். கழுத்து, சரி. விரல், சரி. பெருவிரலைப் பின்னால் வளைத்து மணிக்கட்டைத் தொடுவாள், சின்ன வயதிலிருந்தே அது எங்கள் வீட்டு வேடிக்கை. நடை, சரி. நித்திரை என்ற வரியில்தான் என் பென்சில் நின்றது. சின்னப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்தே அவள் கண்ணைப் பாதி திறந்துகொண்டுதான் தூங்குவாள். பக்கத்தில் படுக்கிற எனக்கு அது பழகிவிட்டது. அன்றைக்குச் சரி போட முன்னம் அந்த வரியை இரண்டு தடவை வாசித்தேன். ஏழு பக்கத்தில் அவளிடம் இல்லாதவை இரண்டுதான்: காதும் அந்த ஆயிரம் ஆண்டும்.

அதன் பிறகு என் படம் எதுவும் திரும்பி வரவில்லை. அவளை வேட்டைக்காரியாக வரைந்தேன், காவற்காரியாக வரைந்தேன், கடைசியில் அரசியாக வரைந்தேன். அவளுக்கும் அதில் ஒரு சந்தோஷம். வந்த சம்பந்தங்கள் எல்லாம் உயரத்தைக் கேட்டுக் கேட்டே போய்விட்டன. "எவ்வளவு உயரம்?" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டால், "நாங்கள் அளக்கிறேல்லை" என்று அம்மா சொல்லுவார். அப்படிச் சொல்கிற வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்?

"அக்கா, இங்க ஒருத்தனுக்கும் என்னைப் பிடிக்கேல்லை. உங்கட காட்டில எத்தினை பேர் எனக்காகச் சண்டை பிடிக்கிறாங்கள்!" என்று சிரிப்பாள்.

பிறகு அந்த மின்னஞ்சல் வந்தது. புத்தகத்தின் முடிவில் அரசி இறந்துபோகிறாள். கல் மேடையில் நீட்டி நிமிர்ந்து கிடக்கிற படம் வேண்டும், இரண்டு பக்கத்துக்கு.

ஒரு வெள்ளிக்கிழமை, அம்மா கோயிலுக்குப் போன நேரம், கூடத்து நிலத்தில் தங்கையைப் படுக்க வைத்தேன். பின்னேர வெளிச்சம் கடல் பக்கத்துச் சன்னலால் சரிவாக விழ வேண்டும் என்பதற்காகத் தலையை இந்தப் பக்கம் வை என்றேன். அவள் தன் தடித்த கண்ணாடியைக் கழற்றிவிட்டு வைத்தாள். கைகளை நெஞ்சில் மடித்துக் கொடுத்தேன். பாதங்கள்தான் சரிவரவில்லை, இரண்டும் வெளிப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தன. அவளுடைய தலைமயிர் ரப்பர் வளையத்தைக் கழற்றி இரண்டு கால் பெருவிரல்களையும் சேர்த்து மாட்டினேன். பிறகு, பெயின்ட் பெட்டிக்குள் மூன்று மாதமாக ஒளித்து வைத்திருந்த அளவுநாடாவை எடுத்தேன். அளவு சரியாக இருந்தால்தான் நீட்டிக் கிடக்கிற உடம்பு வரைய வரும். அவ்வளவுதான் என் நினைப்பு. சத்தியமாக வேறொன்றும் நினைக்கவில்லை.

உயரம் ஆறடி. கைகளை விரிக்கச் சொன்னேன். விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை ஆறடி நாலரை அங்குலம். நாடா சறுக்கிவிட்டது என்று திரும்பவும் அளந்தேன். அதே நாலரை. எனக்கு அப்போது வந்தது பயம் அல்ல, மகிழ்ச்சி. காதுக்காரருக்கு விரித்த கை உயரத்தை விட நீளம் என்று கொப்பியில் எழுதி இரண்டு கோடு போட்டேன்.

மறுபடி கைகளை மடித்து வைக்கும்போது சட்டைத் துணி அவளுடைய நெஞ்சு நடுவில் ஒரு சின்னக் குழியில் இறங்கியிருப்பதைக் கண்டேன். ஒரு கிண்ணம் வைக்கலாம் போன்ற குழி. வெளிச்சம் அதன் ஓரத்தில் அழகாக நின்றது. அதையும் வரைந்தேன். அந்தக் குழிக்குள் துணி துடித்துக்கொண்டிருந்தது, மூச்சோடு அல்ல, அதைவிட வேகமாக. அவளோ அசையாமல், கண்ணைப் பாதி திறந்தபடி கிடந்தாள்.

"நீ நித்திரையோ?" என்று கேட்டேன்.

அந்தப் பாதிக் கண் என் பக்கம் திரும்பவில்லை. அந்தக் கணத்தில் எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. என் தங்கையின் இடத்தில் வேறு ஏதோ வந்து படுத்திருப்பது போல இருந்தது.

கதவு திறந்து அம்மா நின்றார். கையில் கோயில் விபூதிப் பொட்டலம். அம்மாவின் கண் போன வழியில் என் கண்ணும் போனபோதுதான் நான் செய்து வைத்திருந்தது எனக்கே தெரிந்தது. தெற்கே தலை. நெஞ்சில் கை. பெருவிரல்கள் சேர்த்துக் கட்டு. பக்கத்தில் மஞ்சள் நாடா.

அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். பொட்டலம் விழுந்து விபூதி நிலமெல்லாம் கொட்டியது. அதற்குள்ளேயே முழந்தாளிட்டு ரப்பர் வளையத்தைக் கழற்றப் பார்த்தார்; இறுகியிருந்தது, வரவில்லை. குனிந்து பல்லால் கடித்து அறுத்தார். தங்கை விழித்து எழுந்து உட்கார்ந்து, "என்னம்மா?" என்றாள்.

அம்மா என்னைப் பார்த்தார். "அளந்துபோட்டியோ?"

"ஓம் அம்மா."

"எவ்வளவெண்டு சொல்லாதை. என்ர காதில விழக் கூடாது."

அன்று பொழுதுபடமுன்னமே உப்பும் மிளகாயும் நாற்சந்தி மண்ணும் எடுத்து அவளைச் சுற்றி, சிரட்டைத் தணலில் போட்டார். நாவூறு இருந்தால் மிளகாய் எரிந்தாலும் நெடி வராது என்பார்கள். ஒரு பிடி மிளகாய் கருகியது. நாங்கள் மூன்று பேரும் அந்தச் சின்னக் குசினிக்குள் நின்றோம். ஒருவருக்கும் இருமல் வரவில்லை. மிளகாய் பழசு என்று நான் சொன்னேன். அம்மா திரும்பியும் பார்க்கவில்லை.

படத்தை முடித்து அனுப்பினேன். ஏன் அனுப்பினாய் என்று என்னை நானே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். நான் வரைந்தவற்றில் அதுதான் மிகச் சிறந்தது, அதனால் அனுப்பினேன். இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இந்தக் கள்ளப் புத்தி உண்டு.

புத்தகம் வெளிவந்து சில மாதங்களின் பின், விளையாடுகிற ஒருவர் நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தை எனக்கு அனுப்பி வைத்தார்கள். எழுதியவர் ஒரு பெண் வைத்தியர். தன் பிள்ளைகளோடு அந்த விளையாட்டை விளையாடுகிறவர். கடிதம் சின்னது. அரசியின் படத்தை மனதில் கற்பனை செய்து வரைந்தீர்களா, ஒரு மனிதரைப் பார்த்து வரைந்தீர்களா என்று கேட்டிருந்தார். மனிதரைப் பார்த்து என்றால், அவரைப் பெருவிரலை உள்ளே வைத்துக் கையைப் பொத்தச் சொல்லுங்கள். பெருவிரல் மறுபக்கத்தால் வெளியே வருகிறதா? ஒரு கையால் மற்றக் கை மணிக்கட்டைப் பிடித்தால் பெருவிரலும் சின்னவிரலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிறதா? கண்ணுக்குத் தடித்த கண்ணாடி போடுகிறாரா? குடும்பத்தில் உயரமானவர்கள் யாராவது இளவயதில் திடீரென்று இறந்தார்களா? ஆம் என்றால் தயவுசெய்து தாமதிக்க வேண்டாம், அவருடைய இதயத்தைப் பாருங்கள் என்று முடித்திருந்தார்.

நான் அதை வாசித்துக்கொண்டிருந்தது கூடத்தில். எதிர்ச் சுவரில் அப்பாவின் படம், பிளாஸ்டிக் மாலையோடு. கடை வாசலில் யாரோ எடுத்தது. தடித்த கண்ணாடி. வெட்கத்தில் என்ன செய்வதென்று தெரியாமல், ஒரு கையால் மற்றக் கை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இருபத்தைந்து வருடமாக அந்தப் படத்துக்குப் பூ வைக்கிறோம், விளக்கு வைக்கிறோம். எழும்பிப் போய் மாலையை விலக்கிப் பார்த்தேன். பெருவிரல், சின்னவிரலின் மேல் ஏறி, ஒரு நகக்கணு தாண்டிப் போயிருந்தது.

காட்டிலே நான் வரைந்த எல்லோரும் அவர்தான். அவரைத்தான் நான் இவ்வளவு காலமும் காதை ஒட்டி ஒட்டி விற்றுக்கொண்டிருந்தேன்.

தேத்தண்ணி குடிக்கும்போது தங்கையிடம், "பெருவிரலை உள்ளுக்கு வைச்சுக் கையைப் பொத்து" என்றேன். பொத்தினாள். மறுபக்கத்தால் பெருவிரல் நகத்தோடு எட்டிப் பார்த்தது. அதை ஆட்டிக் காட்டிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கடிதத்தை வாசித்துக் காட்டினேன்.

"கடைசியில என்னை உண்மையாவே காதுக்காரி ஆக்கிப்போட்டீங்கள் அக்கா," என்றாள். பிறகு நெடுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "ஆரோ வெள்ளைக்காரி படத்தைப் பாத்துச் சொன்னவளாம், இவை ஆஸ்பத்திரிக்குப் போகினமாம். நீ அளந்தாய், அது வந்திருக்கு. நாடாவைக் கொண்டுவந்தது ஆர்?"

எனக்குப் பொறுமை போய்விட்டது. "நாவூறு நாவூறு எண்டு அப்பாவின்ர சாவை மூடி வைச்சீங்கள். அவர் எதில செத்தவர் எண்டு ஆரும் கேட்டதோ? நீங்கள் கேட்டீங்களோ?" என்று கத்தினேன். அம்மாவின் முகம் அடித்தது போலச் சுருங்கியது. சொன்னது உண்மைதான். சொல்லியிருக்கக் கூடாது. அன்றிலிருந்து அம்மா என்னோடு கதைப்பதை நிறுத்தினார். சோறு போட்டு வைப்பார், கூப்பிடமாட்டார்.

ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அங்கே இருந்தது ஒரு சிங்கள வைத்தியர், சின்ன வயது, மரியாதையானவர். கதையைக் கேட்டுவிட்டு மேசை லாச்சியைத் திறந்து நாடாவை எடுத்தார். அம்மா கதிரையிலிருந்து எழும்பி அவருக்கும் தங்கைக்கும் நடுவில் போய் நின்றார்.

"எபா டொக்டர், எபா," என்றார். வேண்டாம், வேண்டாம். அம்மாவுக்குத் தெரிந்த சிங்களம் முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் வந்து நின்றது.

வைத்தியர் நாடாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நான் நாடாவைப் பார்த்தேன். தங்கைதான் அம்மாவின் தோளில் கை வைத்து, "நான் நிக்கிறன் அம்மா. படுத்திருக்கேல்லைத்தானே. நிக்கிற ஆளை அளந்தால் ஒண்டும் செய்யாது," என்றாள். அம்மா வெளியே போய் நடைபாதைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இதயத்திலிருந்து புறப்படுகிற பெரிய குழாய் அடியில் ஊதிப்போயிருந்தது. ஸ்கேன் திரையில் எனக்கு அது ஒரு வெங்காயம் போலத் தெரிந்தது. பிறப்பிலேயே உடம்பின் இழைகள் நெகிழ்ந்து போகிற நோயாம். விரல் நீண்டதும் அதனால்தான், கண் பழுதானதும் அதனால்தான். தகப்பனிடமிருந்து வந்திருக்கும் என்றார் வைத்தியர். இவள் பிள்ளைத்தாச்சி ஆகியிருந்தால் என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார். யாழ்ப்பாணத்து மாமியின் ஆறாம் நாள் எனக்கு நினைவுக்கு வந்தது. குழாய் வெடிக்க முன்னம் வெட்டி மாற்ற வேண்டும். மாற்றும்போதும் போகலாம்.

சத்திரசிகிச்சை நடந்த நாள், நடைபாதையில் அம்மா ஒரு நீட்டு மர வாங்கின் அந்த முனையில், நான் இந்த முனையில். ஆறு மணித்தியாலம். நேரத்தைப் போக்க என் கைப்பேசியைத் திறந்தேன். விளையாடுகிறவர்கள் கூடிக் கதைக்கிற பக்கத்தில் அன்றைக்கென்று அரசிக்கு அஞ்சலி. எங்கெங்கோ ஊர்களில் மேசைகளில் என் படத்தை நிமிர்த்தி வைத்து அதன் முன்னால் மெழுகுதிரி கொளுத்திப் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். வரிசையாக வந்துகொண்டே இருந்தது: என் தங்கை, நெஞ்சில் கை, பெருவிரல்கள் சேர்ந்து, முன்னால் சுடர். கைப்பேசியை அணைத்துப் பைக்குள் அடியில் தள்ளினேன். அம்மா சொன்னதுதான் சரியோ என்று அப்போது உண்மையாகவே பயந்தேன். அளந்தது நான், கட்டியது நான், உலகத்தில் எத்தனையோ வீடுகளில் அவளைச் சவமாகக் கிடத்தியதும் நான்.

அவள் பிழைத்தாள். செயற்கை வால்வு ஒன்று வைத்து, நெஞ்சை நெடுக்குக்குத் தைத்து, மூன்று கிழமையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். வால்வு மூடித் திறக்கும்போது சின்னச் சத்தம் கேட்கலாம், பயப்பட வேண்டாம் என்றார்கள். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கீழே காலி நகருக்குப் போகிற வீதியின் பஸ்களும் கடலோர ரயிலும் கூடத்து ஃபேனும் சேர்ந்தால் எங்கள் வீட்டில் எதுவும் கேட்காது. அம்மா அவளுக்குக் கஞ்சி வைத்தார், தலை வாரினார், எல்லாம் செய்தார். என்னோடு மட்டும் கதைக்கவில்லை.

ஒரு மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, கரண்ட் போனது. ஃபேன் மெல்லச் சுற்றி நின்றது. வீதியிலும் அந்த நேரம் பார்த்து ஒரு வாகனமும் இல்லை. வீட்டுக்குள் எங்கேயோ டிக், டிக், டிக் என்று கேட்டது. குசினியில் இருந்த அம்மா தலையை நிமிர்த்தினார். சுவர் மணிக்கூட்டுக்குக் கீழே போய் நின்று கேட்டார். அது பற்றரி போய் எப்போதோ நின்றுவிட்டது. அலுமாரியைத் திறந்து பார்த்தார். காதைச் சாய்த்துக்கொண்டு, கூடத்துக்கு வந்தார்.

வெக்கைக்குத் தங்கை நிலத்தில் படுத்திருந்தாள். நிமிர்ந்து, நீட்டி, கை நெஞ்சில், கண் பாதி திறந்து. நான் அறை வாசலில் நின்றேன். அது நான் வரைந்த படம்தான், ஒரு கோடுகூட மாறாமல். சத்தம் அதற்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். குனிந்து காதை அவளுடைய நெஞ்சுக்கு மேலே, படாமல், பிடித்தார். அப்படியே நெடுநேரம் இருந்தார். பிறகு, என்னைப் பார்க்காமல், "அப்பாவுக்கும் இப்பிடி ஒண்டு வைச்சிருக்கலாமோ?" என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். இரண்டு மாதத்துக்குப் பிறகு என்னோடு கதைக்கிற அம்மாவுக்குப் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"ஓம் அம்மா. ஆராவது முன்னமே பாத்திருந்தால்."

அம்மா தலையை ஆட்டினார். டிக், டிக், டிக். அவருடைய விரலும் நிலத்தில் அதே கணக்கில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது.

"அண்டைக்கு அளந்தாய் எல்லோ. எவ்வளவு?"

"ஆறடி."

"அப்பா ஆறடி நாலங்குலம்," என்றார் அம்மா. "அந்த மலர்ச்சாலைக்காரன் நாடாவைப் பிடிச்சு, எல்லாருக்கும் கேக்கப் பிலத்து வாசிச்சவன்."

இருபத்தைந்து வருடம் எங்கள் வீட்டில் ஓர் அளவும் இல்லை என்று நினைத்திருந்தேன். அந்த ஒரே அளவை அம்மா ஒவ்வொரு நாளும் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அம்மா அழவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார்.

கரண்ட் வந்தது. ஃபேன் தடதடத்துச் சுற்றத் தொடங்கியதும் அந்தச் சத்தம் மறைந்துபோனது. அம்மா திடுக்கிட்டுத் தங்கையின் முகத்தைப் பார்த்தார். பிறகு நிலத்தில் கையூன்றி எழும்பிப் போய், அந்த வெக்கையில், ஃபேனை நிறுத்திவிட்டு வந்து அதே இடத்தில் இருந்தார்.